களவெட்டியில் சொல்லாத சொல்

எங்கள் பகுதி இளம் மருத்துவமாதர்கள் சேர்ந்து ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். அதற்கு நான் ஒரு கட்டுரை தரவேண்டும் என்று ஒருத்தி விடாமல் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாள். "பழைய அனுபவம் ஏதாவது எழுதுங்க மிஸ். உங்கட காலத்தில எல்லாம் எப்பிடி இரிந்தது எண்டு." 'பழைய' என்ற சொல்லில் அவள் கொடுத்த அழுத்தத்தைக் கேட்டு, நூதனசாலையில் என்னை நிறுத்தி வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்றைய மருத்துவமாதின் பையில் கத்தரிக்கோல் இல்லை, தொப்புள் கட்டும் நூல் இல்லை. பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியில். அது நல்லதுதான். வீட்டுப் பிரசவம் ஒரு பொற்காலம் என்று யாராவது சொன்னால், அவர் ஒன்றைக்கூடக் கிட்ட நின்று பார்த்ததில்லை என்று அர்த்தம். எழுதினால் வீண் பெருமை பேசிவிடுவேனோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் வசந்தன் என்னை உண்மையாகவே ஒரு நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மண்டூருக்கு அப்பால் பழைய விவசாயக் கிராமம் ஒன்றை அப்படியே பேணி வைத்திருக்கிறார்கள், குடும்பத்தோடு போய் ஒரு பகல் இருந்துவிட்டு வரலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய எண்ணம் முழுக்க மருமகள் மாலினியைப் பற்றியது. அவளுக்கு அப்போது ஏழு மாதம். முன்பு இரண்டு முறை உண்டாகித் தங்கவில்லை. இந்தமுறை உண்டான நாளிலிருந்து அவள் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. சிரிப்பதற்குக்கூடப் பயந்தவளாக இருந்தாள். ஒரு மாற்றம் கிடைக்கட்டும் என்று அவன் நண்பனின் வான் வண்டியை இரவல் வாங்கினான்.

செட்டிபாளையத்திலிருந்து புறப்படும்போது, "குருமண்வெளிக்கு விடு மனே, பாதையில போவம்" என்றேன். பாதை என்று நாங்கள் சொல்வது வீதியை அல்ல. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டைப் படகை. வேலைக்குச் சேர்ந்த நாளில் வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான்.

"பாலம் இரிக்கக்குள்ள பாதை எதுக்கம்மா?" என்று வானைப் பட்டிருப்புப் பாலத்துக்குத் திருப்பினான். பாலத்தில் வாவியைக் கடக்க ஒரு பாட்டுக் கேட்டு முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

கிராமத்தை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். மண் சுவர், கிடுகுக் கூரை, கலப்பை, உரல், நெல் அளக்கும் மரைக்கால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர்ப் பலகை. தலைப்பாகை கட்டிய இளைஞன் ஒருவன் எங்களுக்கு வழிகாட்டினான். அவன் கடைசியாகக் கூட்டிவந்து நிறுத்திய இடம் களவெட்டி. வட்டமாக மேடு கட்டி, சாணியால் மெழுகி, சுற்றிவரக் கயிறு கட்டியிருந்தது. ஒரு பக்கத்தில் வைக்கோல் போர், மறுபக்கத்தில் காவல்காரரும் வேலைக்காரரும் தங்கும் வாடி.

"இதிலதான் சூடு மிதிச்சு நெல்லெடுக்கிற. பொம்பிளையள் இதுக்குள்ள காலடி வைக்கிறல்ல. துடக்குப் பட்டா பொலி குறைஞ்சிரும் எண்டு நம்பிக்கை" என்றான் இளைஞன். துடக்கு என்பது தீட்டு, பொலி என்பது களத்தில் குவிந்த நெல்.

"அம்மா, கேட்டீங்களா? உங்களுக்கு அனுமதி இல்ல" என்றான் வசந்தன்.

"எனக்கு உண்டு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாலினி பின்னாலிருந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளிறியிருந்தது.

"மாமி, காலையில இரிந்து புள்ள அசையல்ல. வானுக்குள்ள நித்திரையாக்கும் எண்டு நினைச்சன். இப்பயும் அசையல்ல."

"ஏன் புள்ள இவ்வளவு நேரமும் சொல்லல்ல?"

"சொன்னா உண்மையாயிருமோ எண்டு பயந்திட்டன் மாமி."

இந்தப் பதிலை ஆயுள் முழுக்க எத்தனையோ பெண்கள் வாயால் கேட்டிருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளையின் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். வானை ஒழுங்கைக்கு அப்பால் வெகுதூரத்தில் நிறுத்தியிருந்தோம். முன்னாலும் பின்னாலும் வாகனங்கள். "ஓடு, வாசலுக்குக் கொண்டா" என்று வசந்தனைத் துரத்தினேன். இனிப்பு உள்ளே போனால் பிள்ளை அசையலாம் என்று, வழிகாட்டியைக் கடைக்கு அனுப்பிச் சீனி தூக்கலாகத் தேத்தண்ணி எடுத்துவரச் சொன்னேன். மாலினியை வாடிக்குள் கூட்டிப்போய், காட்சிக்கு விரித்திருந்த பன்பாயில் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வான் வரும்வரை செய்வதற்கு வேறெதுவும் இல்லை.

வாடியின் வாசலுக்கு நேரே அந்தக் களவெட்டி தெரிந்தது. அதைப் பார்க்க, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துக் களவெட்டி ஒன்று நினைவுக்கு வந்தது.

பயிற்சிக் காலத்தைப் பற்றி விரித்து எழுத எனக்கு ஆசை இல்லை. அவித்த துணி, பரீட்சை, வீட்டு நினைப்பில் அழுகை, எல்லாருக்கும் உள்ளதுதான். வேலையை எனக்கு உண்மையில் படிப்பித்தவர் எங்கள் மேற்பார்வைச் சிஸ்டர். ஜீப்பிலிருந்து இறங்கியதும் கதிரை கொடுத்தால் உட்கார மாட்டார். முதலில் என் கையைப் பிடித்து நகத்தைப் பார்ப்பார். பிறகு பையைத் திறந்து துவாயை எடுத்து முகர்ந்து பார்ப்பார். வெயிலில் காய்ந்ததா, அடுப்படியில் காய்ந்ததா என்று மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவார். சத்தம் போட்டு ஏசியதே இல்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு பிரசவம் சிக்கலாகப் போனால், என்னைத் தன் முன்னால் நிற்க வைத்துக் கேட்பார். "முதல் என்ன செய்தனீ?" நான் சொல்வேன். "அதுக்கு முதல்?" சொல்வேன். "அதுக்கு முதல்?" இப்படியே பின்னுக்குப் பின்னுக்குக் கொண்டுபோய், அந்த வீட்டுப் படலையில் நான் சைக்கிளைச் சாத்திய இடத்தில்தான் விடுவார். பிழை எங்கே நடந்தது என்று அவர் சொல்ல மாட்டார். நடந்து வரும் வழியில் நாமே அதில் இடறி விழுவோம். இன்னொரு கட்டளையும் இருந்தது. "தாய்மாருக்கு ஆறுதல் சொல்லப்போய்ப் பொய் சொல்லாத. தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லு."

நான் வேலை பார்த்த ஊரில் ஒரு போடியார் இருந்தார். போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயல்காரர். அறுவடைக் காலத்தில் ஒரு நாள், குறுக்கு வழி என்று நினைத்து அவருடைய களவெட்டியை நோக்கி வரம்பில் நடந்துகொண்டிருந்தேன். காலில் செருப்பு, கையில் குடை, மனதில் புதிதாக அரசாங்க வேலை கிடைத்த மிடுக்கு. "அதில நில்லு புள்ள!" என்று ஒரு சத்தம். அப்படியே நின்றுவிட்டேன். களத்திலிருந்து இறங்கி வந்த போடியார் கோபப்படவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். செருப்போடு வரக்கூடாது. குடை பிடித்து வரக்கூடாது. பெண்கள் வரவே கூடாது. களத்துக்குள் நிற்பவர்கள் கண்டபடி கதைக்கவும் கூடாது. முக்கியமாக 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது. அதைக் கேட்டால் பொலி நில்லாமல் போய்விடும்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. "அப்ப குடிக்கிற தண்ணி இல்லாட்டி என்ன சொல்லுவீங்க?"

"வரும் எண்டு சொல்லுவம்."

"வராட்டி?"

"வரும்" என்றார், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

குவாட்டர்சுக்கு வந்து நினைத்து நினைத்துச் சிரித்தேன். அடுத்த வருடம் அதே அறுவடைக் காலத்தில் சிரிக்க முடியவில்லை.

பருவம் தப்பிய மழை. மத்தியானம் கழிந்த நேரம், போடியாரின் வயலில் வேலை செய்யும் சின்னராசா நனைந்தபடி ஓடி வந்தான். அவன் பெண்சாதி பூமணி வேலைக்காரர்களுக்குச் சமைக்க வாடிக்குப் போனவள். பிரசவத்துக்கு நாள் இன்னும் இருந்தது. ஆனால் நோக்காடு வந்துவிட்டது. பாதி வழி சைக்கிள், மீதி வழி பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடை. நான் போய்ச் சேர்ந்தபோது வாய்க்கால் உடைத்துக்கொண்டு வாடிக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. அடுப்பு அணைந்துவிட்டது. பூமணி விறகுக் கட்டின் மேல் குந்தி, கூரை வளையைப் பிடித்தபடி முனகிக்கொண்டிருந்தாள். சோதித்துப் பார்த்தேன். பிள்ளையின் தலை இறங்கிவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு அந்த வெள்ளத்தைக் கடக்க நேரம் போதாது.

சுற்றிவரப் பார்த்தேன். எங்கும் தண்ணீர். மேடாகவும் உலர்ந்தும் இருந்தது ஒரே ஒரு இடம். களவெட்டி. அதன் நடுவில், இன்னும் அளக்காத பொலியை ஒரு பெரிய கித்தான் படங்கால் மூடியிருந்தார்கள். போடியாரும் ஆட்களும் அதைக் காத்துக்கொண்டு மழையில் நின்றார்கள். அந்த வருடம் முழுக்க அந்த ஊர் சாப்பிட இருந்த நெல் அது.

களத்தின் ஓரம் வரை போய் நின்றேன். "போடியார், அவளை இதில ஏத்த வேணும். படங்கும் வேணும்."

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் மெல்ல, "பிள்ளைப்பேற்றுத் துடக்கு, போடியார்" என்றார். அவர் சொன்னதில் வன்மம் இல்லை, பயம்தான் இருந்தது. போடியார் பொலியின் முன்னால் போய் நின்று கும்பிட்டார். உச்சியில் வைத்திருந்த வேப்பங்கொத்தை எடுத்துத் தன் தலைப்பாகையில் செருகினார்.

"படங்கக் கழட்டுங்கடா."

"பொலி நனையுமே!"

"வைக்கலை அள்ளிப் போடுங்க. நிண்டு கதைக்காதீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "புள்ள, செருப்பக் கழட்டிப்போட்டு வா. அந்தச் சொல்லு மட்டும் வாயில வரப்படாது."

இப்போது நினைத்தாலும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. ஒரு வருட உழைப்பையே மழைக்குக் கொடுத்த மனுசன், செருப்பை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான்கு பேர் படங்கின் மூலைகளைக் கம்புகளில் தூக்கிப் பிடித்து, முதுகைக் காட்டி நின்றார்கள். வைக்கோல் பரப்பி, அதன்மேல் என் ரப்பர் விரிப்பைப் போட்டேன். அணைந்த அடுப்பில் சோற்றுக்கு வைத்த தண்ணீர் பானையோடு சூடாக இருந்தது. அதில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினேன். சிஸ்டர் முன்னால் நின்று நகத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. பூமணி நல்ல தைரியசாலி. ஆனால் தலை வெளியே வந்தபோது, கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. விரலை விட்டுத் தளர்த்தித் தலைக்கு மேலால் எடுத்தேன். பெண் பிள்ளை. நீலம் பாரித்து, நனைந்த துணிபோல் என் கையில் கிடந்தது. சத்தம் இல்லை.

வாயைத் துடைத்தேன். குழாயால் உறிஞ்சிச் சளியை எடுத்தேன். துவாயால் ஈரம் போகத் துடைத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதன் மூக்கையும் வாயையும் சேர்த்து என் வாயால் மூடி, கன்னத்துக்குள் கொள்ளும் காற்றை மட்டும் மெல்ல ஊதினேன்.

"மிஸ், ஏன் அழல்ல?" என்றாள் பூமணி. "புள்ள இல்லையா மிஸ்?"

தெரியாது என்று சொல்வதற்குத்தான் எனக்குப் படிப்பித்திருந்தார்கள். வாயில் வந்ததோ களத்தில் சொல்லக்கூடாத அந்தச் சொல். அதை விழுங்கிக்கொண்டு, மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில், "வரும்" என்றேன்.

ஊதினேன். "வரும்." மறுபடி ஊதினேன். முதுகைக் காட்டி நின்றவர்களில் ஒருவர், திரும்பாமலே, "வரும்" என்றார். பிறகு மற்றவரும் சொன்னார். துடக்கு என்று சொன்ன அதே மனுசனின் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பலமாகக் கேட்டது. எத்தனை முறை ஊதினேனோ தெரியாது. பிள்ளையின் நெஞ்சு ஒருமுறை துடித்தது. ஒரு விக்கல். பிறகு அழுகை, மழைச் சத்தத்தையும் மீறி.

போடியார் தன் பொலியின் பக்கத்தில், தலையில் வேப்பங்கொத்தோடு நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார். நெல் அளக்கத் தொடங்கும்போது சொல்வதை உரத்துச் சொன்னார். "பொலி! பொலி! பொலி!" மூலைகளைப் பிடித்திருந்தவர்களும் சொன்னார்கள். நான் கொடியைக் கட்டிக்கொண்டே குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

பொலியில் ஒரு பக்கம் நனைந்துதான் போனது. அதை அவித்துக் காயவைத்தார்கள். போடியார் மஞ்சள் தண்ணீர் தெளித்து, களத்தைப் புதிதாக மெழுகச் செய்தார். கோயிலுக்கு அளந்த கையோடு அடுத்த மரைக்காலைப் பூமணி வீட்டுக்கு அனுப்பினார். நான் அந்த ஊரில் இருந்த காலம் முழுக்க ஒவ்வொரு அறுவடையிலும் அது போனது. "களத்துப் புள்ளைக்கு" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளை இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தாய். மூன்றும் ஆஸ்பத்திரியில்.

சிஸ்டர் வந்தார். வழக்கம்போல் நிற்க வைத்தார். "அதுக்கு முதல்?" "அதுக்கு முதல்?" என்று பின்னால் கொண்டுபோனதில், "செருப்பைக் கழட்டினன் சிஸ்டர்" என்பதில் வந்து நின்றோம். அவர் சிரிக்கவில்லை.

"வரும் எண்டு சொன்னனீயே, வரும் எண்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சிஸ்டர்."

"அப்ப ஏன் சொன்னனீ?"

"மற்றச் சொல்லைச் சொல்ல விடல்ல சிஸ்டர்."

மறுபடி என் கையைப் பிடித்துப் பார்த்தார். "அதைச் சொல்லக்குள்ள உன்ர கை சும்மா இரிந்ததா?"

"இல்ல சிஸ்டர்."

"கை நிக்கல்லத்தானே? அப்ப அது பொய் இல்ல." அன்றைக்கு முதல் தடவையாக என் கதிரையில் உட்கார்ந்து, ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அதன்பிறகு எந்தப் பெண்ணிடமும் நான் 'இல்லை' என்று சொன்னதில்லை. கை வேலை செய்துகொண்டிருந்தால் மட்டும், வரும் என்பேன்.

"மாமி." மாலினி என் கையை இறுக்கிப் பிடித்தாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்திருந்தாள். வழிகாட்டி வாசலில் தயங்கி நின்றான். வானைக் காணவில்லை. "ஒண்டும் இல்லையா மாமி?"

"வரும்" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன். என் கை சும்மா இருந்தது.

சுற்றிவரப் பார்த்தேன். காட்சிக்கு வைத்த அடுப்படியில், மூங்கிலால் செய்த ஊதுகுழல் ஒன்று பெயர்ப் பலகையோடு கிடந்தது. எடுத்து, தூசியைச் சேலையில் துடைத்தேன்.

"அம்மா, பொருட்களைத் தொட ஒண்ணா" என்றான் வழிகாட்டி.

"நீ அங்கால திரும்பி நில்லு மனே."

நான் சொன்ன தொனியில் பயந்து, பையன் முதுகைக் காட்டி நின்றான். பிள்ளையின் முதுகு எந்தப் பக்கம் என்று கையால் தடவிப் பார்த்து, குழலின் ஒரு முனையை அங்கே ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தேன். முதலில் என் நெஞ்சு அடிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. எத்தனையோ பெண்களின் வயிற்றில் காது வைத்தவள் நான். அன்றைக்குப் பயம் காதை அடைத்துவிட்டது. குழலைக் கொஞ்சம் நகர்த்தினேன். மூச்சை அடக்கினேன். அப்போது கேட்டது. தூரத்தில், வேகமாக, ஒழுங்காக.

மாலினிக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு உதை. குழல் துள்ளி என் காதில் இடித்தது.

"பொலி!" என்று கத்திவிட்டேன். அந்தச் சொல் எனக்குள் இத்தனை காலம் இருந்தது எனக்கே தெரியாது. வாசலில் முதுகைக் காட்டி நின்ற பையன், காரணம் தெரியாமலே, "பொலி! பொலி!" என்றான். மாலினி அழத் தொடங்கினாள், பிறகு சிரித்தாள். இத்தனை மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டாமல் விடக்கூடாது. வசந்தன் ஒருவழியாக வானை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். "அம்மா, உங்கட செருப்பு எங்க?" என்றான். வாடிக்குள் நுழையும்போது கழற்றியிருக்கிறேன். எப்போது கழற்றினேன் என்று நினைவே இல்லை.

"கிடக்கட்டும். நீ ஓட்டு."

களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரியில் மாலினியைச் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரி என்றார்கள். மலருக்குக் கட்டுரை கேட்டவள்தான் அன்றைக்கு அங்கே நின்றாள். என் காலைப் பார்த்துவிட்டு, "என்ன மிஸ், வெறுங்காலோட வந்திரிக்கீங்க?" என்று கேட்டாள். நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற கதையா இது? எழுதித் தருகிறேன் என்றேன்.

எழுதிவிட்டேன். மாலினிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் படலைக்கு வெளியே நின்று, "என்ன மிஸ், புள்ள பிறக்கல்லையா?" என்று கேட்கிறார்கள். சின்னச் சின்னத் துணிகளை அவித்து வெயிலில் காயப்போட்டபடியே பதில் சொல்கிறேன்.

"வரும்."